பெல்லட் தொட்டியின் வாயில்

ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, தூள் எவ்வளவு என்று அளக்க இப்போது உங்களிடம் நல்ல கருவிகள் இருக்கின்றன. அதைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்வீர்கள். எரிபொருள் தரம் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் பேச வேண்டும் என்று அழைத்தபோது, என்ன பேசுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். எதை எடுத்தாலும் ஒரே ஒரு காலையில்தான் போய் நின்றது. அதையே சொல்லிவிடுகிறேன்.

சர்க்கரை ஆலை ஒன்றின் சோதனைக் கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். ஆலையில் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில்தான் நன்னிலத்துக்கு வெளியே சுந்தரேசன் பெல்லட் தொழிற்சாலை தொடங்கியிருந்தார். அவர் குடும்பத்துக்கு அந்தத் தாலுகாவில் நெல் நிலம். இளவயதில் ஐரோப்பாவுக்குப் போய், முதலில் ஓட்டல் சமையலறையிலும் பிறகு அடுப்பு விற்கும் ஒரு கம்பெனியின் கிடங்கிலும் வேலை பார்த்தவர். அந்த ஊர் வீடுகளில் குளிருக்குக் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அடுப்பு வைத்திருப்பார்கள். மரத்தூளை அழுத்திச் செய்த, பென்சில் கனத்தில் சிறு சிறு உருளைகள் அதில் தானாக விழுந்து எரியும். அதைத்தான் பெல்லட் என்கிறோம். ஆற்றில் தண்ணீர் சரியாக வராமல் குறுவை பொய்த்த வருஷங்களில் சுந்தரேசன் ஊர் திரும்பினார். பலர் நெல்லை விட்டுவிட்டுச் சவுக்கு வைத்திருந்தார்கள். அந்தச் சவுக்கை அரைத்துப் பெல்லட் செய்து, தான் இருந்த நாட்டுக்கே அனுப்பலாம் என்று கணக்குப் போட்டார். அங்கே அவர் தங்கை குடும்பமும் இருந்தது.

என் சோதனைக் கூடம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை. அதன் நடுவில் அந்த நாட்டு வீட்டு அடுப்பு ஒன்று. சித்திரை வெயிலில் அதைப் பற்றவைத்துக்கொண்டு நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். "குளிர் காயுறீங்களாம்மா?" என்று ஜன்னல் வழியாக லோடிங் ஆட்கள் கேலி செய்துவிட்டுப் போவார்கள். எங்கள் சவுக்கு உருளை, வேறொரு ஊரில் செய்த உருளை, அந்த நாட்டிலிருந்து மாதிரிக்கு வந்த உருளை என்று மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக எரித்து, சுவாலை எப்படி நிற்கிறது, கிண்ணத்தில் சாம்பல் கட்டி தட்டுகிறதா, கண்ணாடி கறுக்கிறதா என்று குறித்துவைப்பதுதான் என் வேலை. வேலை எனக்குப் பிடித்திருந்தது. எல்லாம் தெரியும் என்ற எண்ணமும் மெல்ல வந்திருந்தது.

அந்தக் காலத்தில் வெளிநாட்டு மெஷின்கள் வந்து இறங்கியபடி இருந்தன. அவை வரும் பெட்டிகளெல்லாம் பைன் மரம். துறைமுகத்துப் பக்கத்திலிருந்து அந்தப் பெட்டிப் பலகைகளை லாரி லாரியாக வாங்கினோம். சவுக்கோடு பைன் கலந்து அரைத்தால் உருளை பளபளவென்று வந்தது. சாம்பல் குறைந்தது. வாசனை அப்படி ஒரு இனிப்பு. நான் முழு மனதோடு 'நன்று' என்று எழுதினேன்.

அங்கே ஒரு ஃபிட்டர் இருந்தார். தன் பெயர் எங்கும் வர வேண்டாம் என்று சொன்னவர், அதனால் ஃபிட்டர் என்றே சொல்கிறேன். கத்தோலிக்கக் குடும்பம். வளைகுடாவில் எண்ணெய்த் தொட்டிகளைக் கழுவும் கம்பெனியில் வேலை பார்த்துத் திரும்பியவர். ரைஸ் மில் ஒன்றிலிருந்து பழைய நெல் தொட்டி ஒன்றை வாங்கி வந்து நிறுத்தியபோது, அவர் என்னிடம் வந்தார். இரண்டரை ஆள் உயரம், முழுக்க இரும்புத் தகடு, உச்சியில் ஒரு ஆள் நுழையும் வாய், அதற்கு மூடி, வெளியே ஏறவும் உள்ளே இறங்கவும் இரும்பு ஏணிகள், அடியில் சரக்கை இறக்க ஒரு கேட்.

"எஸ்தரம்மா, இதுல ஆள் இறங்குறதா இருந்தா காத்தைச் சோதிச்சுட்டுத்தான் இறங்கணும். மொதலாளிக்கிட்ட ஒரு மீட்டர் வாங்கச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

"நீங்க இருந்தது எண்ணெய்த் தொட்டி. இது மரத்தூள். இதுல என்ன கேஸ் வரப்போவுது?" என்றேன்.

அவர் வாதாடவில்லை. "மூடின தொட்டி எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் வேதியியல் படித்தவள், அவர் ஸ்பானர் பிடிக்கிறவர் என்று எனக்குள் ஒரு எண்ணம் ஓடியது. அதை மறைக்காமல் சொல்கிறேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பெல்லட்டில் ஈரம் பட்டால் ஊதிப் பொடிந்து மாவாகிவிடும். அதனால் பைன் கலந்து செய்த உருளைகளைத் தொட்டியில் பாதிக்கு மேல் கொட்டி, மூடியை இறுக்கி, சணல் வைத்து அடைத்தோம். ஒரு மாதத்துக்கும் மேல் அது திறக்கப்படவே இல்லை. அப்போது வெளிநாட்டிலிருந்து புகார்க் கடிதம் வந்தது. முதலில் அனுப்பிய சரக்கு போல இரண்டாவது இல்லை, அடுப்பில் தூள் அதிகம் விழுகிறது, புதுச் சரக்கையும் இருப்பில் வைத்த சரக்கையும் ஒப்பிட்டு அறிக்கை வேண்டும், இன்ன தேதி மாலை அவர்களுடைய ஆள் நேரில் வருகிறார் என்றது கடிதம்.

தொட்டியின் அடிவாயில் விழும் உருளையை எடுத்தால் தூள் அதிகமாகத்தான் காட்டும். நியாயமான மாதிரி வேண்டுமென்றால் நடுவிலிருந்து எடுக்க வேண்டும். இதுவும் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. நான் சரியாகத்தான் செய்தேன், புத்தகப்படி.

அந்த ஆள் மாலையில் வருவதாக இருந்த நாள், மழை விட்ட காலை. பத்து மணி இருக்கும். ராசேந்திரன் என்ற முப்பது வயதுக்காரர் தொட்டிக்குப் பொறுப்பு. முருகையன் என்பவர் அவருக்குத் துணை. திருப்பனந்தாள் பக்கத்துக்காரர், ஐம்பதைக் கடந்தவர், முன்பு ரைஸ் மில்லில் இருந்தவர். இரண்டு பேரும் மேலே ஏறி மூடியைத் திறந்தார்கள். நான் கீழே காகிதப் பைகளை வைத்துக்கொண்டு நின்றேன்.

"ராசேந்திரா, நடுவுல ரெண்டு அடி தோண்டி எடுப்பா. மேலாப்புல அள்ளாத."

"சரிம்மா."

அவர் உள்ளே இறங்கினார். முருகையன் உச்சியில் குந்தி, வாளியைக் கயிற்றில் விட்டார். தகட்டின் வழியாக அள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது, சரளைக்கல்லைச் சரிக்கிறாற்போல. நாலைந்து தடவை கேட்டிருக்கும். பிறகு நின்றுவிட்டது.

வாளி நிறைந்துவிட்டது என்று நினைத்தேன். வாளி மேலே வரவில்லை.

"ராசேந்திரா" என்று கூப்பிட்டேன். தகட்டில் கையால் தட்டினேன். பதில் இல்லை. அண்ணாந்து பார்த்து, "முருகையண்ணே, என்னன்னு பாருங்க" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். "படுத்துக் கெடக்காம்மா. மயக்கம் போலருக்கு" என்றார். சொல்லிக்கொண்டே வலது காலை உள்ளே விட்டார். எனக்கு ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. இன்றைக்கும் அந்த நேரம் எவ்வளவு என்று என்னால் கணக்குப் போட முடியவில்லை. நில்லுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அவர் தலை உள்ளே மறைந்தது. ஏணிப் படியில் பாதம் படும் சத்தம் நாலு முறை கேட்டது, அப்புறம் இரும்பில் ஏதோ மோதியது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளி ஏணியில் ஏறினேன். அதற்கு முன்னால் நான் ஏணியே ஏறியதில்லை. உச்சிக்குப் போய் உள்ளே பார்த்தேன். ராசேந்திரன் தொட்டியின் ஓரமாக, தூங்குகிறவரைப் போல ஒருக்களித்துக் கிடந்தார். முருகையன் ஏணியின் அடியில் மண்டியிட்டிருந்தார். ஒரு கை இன்னும் படியைப் பிடித்திருந்தது, தலை மட்டும் தொங்கிப்போயிருந்தது. புகை இல்லை, நெடி இல்லை. அந்த இனிப்பான பைன் வாசனைதான் மேலே வந்தது. அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்க்க இன்னும் குனிந்தேன்.

"தலைய வெளிய எடுங்க" என்று கீழேயிருந்து ஃபிட்டரின் குரல் வந்தது. அவ்வளவு கடுமையாக அவர் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. தலையை இழுத்துக்கொண்டேன். கண் முன்னால் தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"யாரும் உள்ள போவக் கூடாது. நீங்க அங்கயே உக்காந்துக்குங்க. ஒருத்தரையும் விடாதீங்க. நான் புளோயரைக் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

தொட்டியின் வாய் விளிம்பில், முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். என் முதுகுக்குப் பின்னால், ஓர் ஆள் ஆழத்தில் இரண்டு பேர் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் நானே இறங்கிவிடுவேன் என்று பயமாக இருந்தது. பயந்து எழுந்து ஓடிவிடுவேனோ என்றும் பயமாக இருந்தது.

அப்போதுதான் கலியபெருமாள் வந்தார். லோடிங்கில் வேலை, ராசேந்திரனின் அண்ணன். தோளில் போட்டிருந்த சாக்கு வழியிலேயே விழ, ஏணியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்.

"நவுருங்கம்மா."

"போவக் கூடாது தம்பி. முருகையண்ணன் போய் விழுந்துட்டாரு. போறவங்க விழுவாங்க."

"என் தம்பி உள்ள கெடக்கான். நவுருங்க."

"நவுர மாட்டேன்."

என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் விளிம்பின் இரும்பைப் பிடித்துக்கொண்டேன். அறைந்தார். மூக்குக்கண்ணாடி கழன்று, கீழே ஏணிப் படிகளில் பட்டுப் பட்டு விழும் சத்தம் கேட்டது. அவர் மீது எனக்குக் கோபமே வரவில்லை. இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் என்னால் தாங்க முடியாது, அவர் உள்ளே போய்விடுவார், அப்புறம் மூன்று பேர் என்ற ஒரே நினைப்புதான் இருந்தது. "நீ போனா உங்க அம்மாவுக்கு ரெண்டு புள்ளையும் இல்லாமப் போயிடும்" என்று அவர் காதருகே சொன்னேன். அவர் கை தளர்ந்தது. ஏணியிலேயே நின்றுகொண்டு, தம்பியின் பெயரைச் சொல்லித் தகட்டில் தலையால் முட்டினார்.

கீழே கூட்டம் கூடிவிட்டது. "அடிக் கேட்டைத் தொறங்கடா, சரக்கு எல்லாம் வெளிய வந்துடும், ஆளை எடுத்துடலாம்" என்று ஒருவர் கத்தினார். இரண்டு பேர் நெம்புகோலோடு ஓடினார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. ஒரு கணம் நானும் தலையாட்டப் பார்த்தேன். பிறகுதான் உள்ளே நடப்பது கண்ணில் தெரிந்தது. அடியில் திறந்தால் உருளைகள் நடுவில் குழிந்து இறங்கும், மேலே கிடக்கிறவர்களையும் இழுத்துக்கொண்டு மூடிவிடும்.

"தொறக்காதீங்க. அவங்களையும் சேத்துப் பொதச்சிடும்" என்றேன். இன்னொருவர் கேஸ் கட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார், தகட்டை அறுக்க. தூள் நிறைந்த தொட்டி. "நெருப்பு காட்டாதீங்க" என்றேன். வேண்டாம், கூடாது, நில்லுங்கள் என்பதைத் தவிர நான் அன்று வேறு எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. உள்ளே இருவர் கிடக்க, எதையும் செய்ய விடாமல் மேலே உட்கார்ந்திருக்கும் ஒரு பொம்பளை.

சூடான உருளைகளை ஆற வைக்கும் புளோயரை ஃபிட்டர் கழற்றிக்கொண்டு வந்தார். ஆறு பேர் தூக்கி வந்தார்கள். அதன் கான்வாஸ் குழாயைத் தொட்டியின் வாய்க்குள் விட்டு, மோட்டாரை ஓட்டினார்கள். வெளிக்காற்று உள்ளே இரைந்துகொண்டு போயிற்று. ஃபிட்டர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார். கம்ப்ரெசரிலிருந்து காற்று வரும் ஹோஸின் முனையை வாயில் வைத்துக்கொண்டார். இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். இதை நீங்கள் செய்யாதீர்கள். முறையான மூச்சுக் கருவி இல்லாமல் இறங்கியது துணிச்சல் இல்லை, வேறு வழி இல்லாமை, பிழைத்தது அதிர்ஷ்டம் என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். தீயணைப்பு வண்டி வந்துகொண்டிருந்தது, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

கயிற்றைப் பிடிக்க ஆள் வேண்டும். நான் கலியபெருமாளைக் கூப்பிட்டேன். "முன்னால நீ புடி. நான் சொன்னா இழுக்கணும், சொல்லாம வுடக் கூடாது" என்றேன். அவர் கையில் ஒரு வேலை இல்லாவிட்டால் அவரே குதித்துவிடுவார் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். அன்று நான் யோசித்துச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

ஃபிட்டர் இறங்கினார். நாலு எண்ணுவதற்குள் ஒரு முறை கயிற்றை அசைக்க வேண்டும், அசைக்கவில்லை என்றால் இழுத்துவிட வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். நான் சத்தமாக எண்ணினேன். அசைந்தது. எண்ணினேன். அசைந்தது. உள்ளேயிருந்து இரண்டு தரம் தகட்டில் தட்டும் சத்தம் வந்தது. வாயில் ஹோஸ் இருப்பதால் பேச முடியாமல், யாரை முதலில் என்று கேட்கிறார் என்று புரிந்தது. கயிற்றைப் பிடித்திருந்த கலியபெருமாள் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கிட்ட இருக்கவர எடுங்க" என்றேன்.

முருகையன்தான் ஏணிக்குக் கிட்டே இருந்தார். அவரைக் கட்டித் தூக்கினோம். கலியபெருமாள் பற்களைக் கடித்துக்கொண்டு இழுத்தார். அடுத்து ராசேந்திரன் வந்தார். இருவர் முகமும் சிவந்திருந்தது, நல்ல ஆரோக்கியமான மனிதர்கள் வெயிலில் நடந்து வந்தாற்போல. அதைப் பார்த்து இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன்.

திருவாரூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முருகையன் இறந்துவிட்டார். ராசேந்திரன் பிழைத்தார். நாலு நாள் கழித்துக் கண் திறந்தார். அண்ணனை அடையாளம் கண்டுகொண்டார், ஆனால் சொந்த ஊர் பெயரைச் சொல்ல வெகுநேரம் ஆயிற்று. பழைய வேகம் அவருக்குத் திரும்பவே இல்லை.

முருகையன் வீட்டுக்குப் பத்தாம் நாள் போனேன். அவர் மனைவி அஞ்சலை என்னைப் பாயில் உட்காரச் சொன்னார். அழவில்லை.

"நீங்கதான் அவர உள்ள போவச் சொன்னீங்களாம்மா?" என்றார்.

"என்னன்னு பாருங்கன்னு சொன்னேன்" என்றேன்.

"அவரு பாக்குறதுன்னா கிட்டப் போய்த்தான் பாப்பாரு" என்றார். எனக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். குடிக்க முடியவில்லை. ஆனாலும் குடித்தேன்.

எதனால் நடந்தது என்பதில்தான் குழப்பம். பழைய நெல் தொட்டி என்பதால் பூச்சிக்கு வைக்கும் மாத்திரையின் விஷம் தங்கியிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். சுந்தரேசனும் அதைப் பிடித்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. இழவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போனவர். ஆனால் அடுத்த கண்டெய்னர் வாசலில் நின்றது.

"தொட்டிதாம்மா கோளாறு. நம்ம சரக்கு என்ன பண்ணும்? சரக்குக்கு நீங்க தரச் சீட்டுல கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார்.

"ஒரு வாரம் கொடுங்க" என்றேன்.

மருத்துவர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, இது கார்பன் மோனாக்சைடு, அடுப்புப் புகையில் இருக்கும் விஷம், முகம் சிவந்ததும் அதனால்தான் என்று சொல்லியிருந்தார். அங்கே அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. நானும் ஃபிட்டரும் மூன்று டிரம்களை எடுத்துக் கழுவிக் காயவைத்தோம். ஒன்றில் வெறும் சவுக்கு உருளை. ஒன்றில் பைன் கலந்தது. ஒன்றில் நெல் உமியை அழுத்திச் செய்த உருளை. மூன்றையும் மூடி, மெழுகு வைத்து அடைத்து, கொட்டகையில் வைத்தோம். அந்த ஆறு நாளும் அந்தப் பக்கம் போகும்போது தள்ளித்தான் நடந்தேன். பகலிலேயே அந்த டிரம்கள் என்னைப் பார்ப்பது போலிருக்கும்.

ஆறாம் நாள், ஃபிட்டரோடு முன்பு வளைகுடாவில் இருந்த நண்பர் ஒருவர் காற்றைச் சோதிக்கும் மீட்டரோடு வந்தார். மூடியில் சிறு துளை போட்டு அதன் குழாயை விட்டார். உமி டிரம்மில் முள் கொஞ்சம் அசைந்தது. சவுக்கு டிரம்மில் இன்னும் கொஞ்சம். பைன் டிரம்மில் குழாயை விட்டதும் மீட்டர் அலறத் தொடங்கியது, நிற்கவே இல்லை. உயிர்க்காற்றான ஆக்சிஜனும் பாதிக்குக் குறைந்திருந்தது. மரத்தில் இருக்கும் எண்ணெய்ப்பசை அடைத்துவைத்த இடத்தில் காற்றைத் தின்று, விஷத்தை விடுகிறது. நிறமும் இல்லை, நெடியும் இல்லை. எரிக்கும்போது மூன்றிலும் சிறந்ததென்று நான் எழுதிக் கொடுத்தது அந்தப் பைன் கலந்த உருளையைத்தான். என் தாளில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருந்தேன். இதற்கு அதில் கட்டமே இல்லை.

தாளை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். அன்று சனிக்கிழமை, சாப்பாட்டு நேரம் கழிந்திருந்தது. சுந்தரேசன் படித்தார். திரும்பப் படித்தார்.

"தொட்டியில கொட்டி வெச்சா இப்படி ஆவுது. பையில போனா ஆவாதே" என்றார்.

"அங்க வீட்டுல எங்க வெப்பாங்க?"

"பைய அப்படியே வெப்பாங்க. சில பேரு…" என்று நிறுத்தினார். அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன். "சில பேரு வீட்டுக்கு அடியில இருக்க ரூம்ல மொத்தமா கொட்டி வெச்சுக்குவாங்க. என் தங்கச்சி வீட்டுல அப்படித்தான். நம்ம சரக்குதான்."

போனை எடுத்தார். எண்ணைத் தப்பாக அழுத்தி, மறுபடி அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே அப்போது காலை. வெளியே பனி கொட்டும், கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும் என்று அவர் முன்பொரு நாள் விவரித்தது என் மனதில் ஓடியது. கட் ஆகிவிட்டது. மறுபடி போட்டார். இப்போது எடுத்தார்கள்.

"சொல்லுண்ணே, குளிச்சிட்டிருந்தேன்."

"அந்தப் பெல்லட் ரூம்…" என்றார். "அதுல எவ்வளவு இருக்கு?"

"இப்பதான் ரொப்பி மூடி வெச்சோம், மாசம் ஒண்ணாவுது. ஏண்ணே? இன்னைக்கு பள்ளிக்கூடம் லீவு, நிலாவ வாளியக் குடுத்து அனுப்பியிருக்கேன், அடுப்புக்கு எடுத்தாரட்டும்னு. போய் ரொம்ப நேரமாச்சு, காணும். இரு, என்னன்னு பாத்துட்டு வரேன்."

நிலா அந்தத் தங்கையின் மகள், எட்டு வயது. சுந்தரேசன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. என்னைப் பார்த்தார். நான் போனைப் பிடுங்கினேன்.

"நில்லுங்கம்மா. உள்ள போவாதீங்க."

"யாருங்க?"

"எஸ்தர், உங்க அண்ணன்கிட்ட வேலை பாக்குறேன். அந்த ரூம்ல விஷக் காத்து இருக்கலாம். கதவை அகலமா தொறந்து வைங்க. வெளியில நின்னே பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. காலை உள்ள வெக்காதீங்க."

"எம்மக உள்ள இருக்கா."

"தெரியும்மா. அதனாலதான் சொல்றேன். நீங்க விழுந்துட்டா அவளை எடுக்க ஆள் இல்ல. வூட்டுக்காரரையும் கூப்புடுங்க. கதவைத் தொறங்க, வெளியில நின்னு கூப்புடுங்க."

போனை எங்கோ வைத்தார்கள். படியிறங்கும் ஓட்டம் கேட்டது. கதவு ஒன்று சுவரில் மோதியது. தூரத்தில், அடைத்த குரலில், நிலா, நிலா என்று கூப்பிடுவது கேட்டது. பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். அந்தத் தாய் வாசற்படியில்தான் நிற்கிறாளா, உள்ளே போய்விட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. சுந்தரேசன் மேஜையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் என்னையறியாமல் எண்ணத் தொடங்கியிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மறுபடி ஒன்று.

பத்துத் தடவைக்கு மேல் எண்ணியிருப்பேன். ஒரு வாளி உருளும் சத்தம் வந்தது. பிறகு பக்கத்தில் எங்கிருந்தோ ஒரு சின்னக் குரல், அந்த நாட்டு மொழியில் ஏதோ அலுத்துக்கொண்டது. அவள் ரூமுக்குள்ளேயே போகவில்லை. வாளியைக் கதவருகே வைத்துவிட்டுத் தோட்டத்தில் பனியில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

தங்கை திரும்பி வந்து போனை எடுத்தார். மூச்சு வாங்கியது. "நான் உள்ள போவலைங்க" என்றார். "வாசப்படியிலேயே நின்னேன். நீங்க சொன்ன மாதிரியே நின்னேன்." அப்புறம் அழத் தொடங்கினார்.

சுந்தரேசன் எழுந்து நாற்காலியில் உட்கார வெகுநேரம் ஆயிற்று. கண்டெய்னரைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. "என்ன எழுதணுமோ எழுதுங்க, எல்லாருக்கும் எழுதுங்க" என்றார். வாங்கிய ஒவ்வொருவருக்கும் எழுதினோம். அதன் பிறகு ஒவ்வொரு பையிலும், மூடிய அறையில் கொட்டி வைக்காதீர்கள், காற்றோடாத இடத்தில் நுழையாதீர்கள் என்று அந்த நாட்டு மொழியில் அச்சடித்தோம். வாங்கியவர்களில் சிலர் பயந்து விட்டுப் போனார்கள். போகட்டும் என்று இருந்தோம். மீட்டர் வாங்கினோம். அது இல்லாமல் யாரும் தொட்டியில் தலையை விட்டதில்லை, ஃபிட்டர் விடவில்லை.

நான் ஓய்வு பெறும் வரை, மாதிரி எடுக்க யாரை அனுப்பினாலும் அவர் திரும்பி என் கண்ணில் படும் வரை நின்றுகொண்டேதான் இருந்தேன். உட்கார முடிந்ததில்லை. இந்தப் பயம் போகப் போகச் சரியாகிவிடும் என்று வீட்டில் சொன்னார்கள். ஆகவில்லை. உங்களில் யாருக்காவது தொட்டியின் மூடியைத் திறக்கும்போது அதே பயம் வந்தால், அதை அடக்கிக்கொண்டு உள்ளே ஆளை அனுப்பாதீர்கள். மூடியைத் திறந்து வையுங்கள், தள்ளி நில்லுங்கள், மாலையில் வருகிறவர் காத்திருக்கட்டும்.